கார்ப்பெட்டுக்கு அடியில் ஐப்பசி

உத்திரமேரூர் பக்கத்து வீடுகளில் சாணம் மெழுகிய மண் தரை போய், சிவப்புச் சிமெண்டுத் தரை வந்தது. அது பொரிந்து வெடிப்பு விட்டபோது, பெயர்த்து டைல்ஸ் போட வசதியில்லாதவர்கள் வினைல் ஷீட் விரித்தார்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஊர் வழக்கில் அது கார்ப்பெட். பசை போட்டு ஒட்டுவது அரிது. சுவருக்குச் சுவர் விரித்து, பீரோவையும் கட்டிலையும் தூக்கி மேலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

வினைல் என்பது பிவிசி. மேலே கொட்டிய தண்ணீரைக் கீழே விடாது. கீழே உள்ள ஈரத்தையும் மேலே விடாது. வம்பு இந்த இரண்டாவதில்தான். 919, 921ஆம் ஆண்டுகளின் சோழர் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியம் பேசப்படுகிற ஊர் இது. ஏரிப் பாசன நஞ்சை சூழ்ந்த இடத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் நிலம் ஊறித்தான் கிடக்கும். கடைக்காலில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய வீட்டில் அந்த ஈரம் தரை வழியாக ஏறும். வெறுந்தரையானால் காற்றில் உலர்ந்து போகும். ஷீட் மூடியிருந்தால் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாடை வருகிறதே என்று மேலே பினாயில் போட்டுத் துடைத்து என்ன பயன்?

மழை விட்டு வெயில் காயும் நாளில் ஷீட்டைப் பாதிப் பாதியாகச் சுருட்டி, அடித்தரையைப் பெருக்கி, ஃபேன் போட்டு உலர விடுங்கள். சுருட்டலாம், மடிக்கக் கூடாது. மடித்த கோடு போகாது. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் ஒரு பாலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடலாம். அடியில் நீர் முத்து கட்டினால் கோடைக்குத் தள்ளிப் போடுவது நல்லது.

அன்றாடச் சுத்தம் எளிது. மண்ணைப் பெருக்கிவிட்டுத் துடைக்க வேண்டும், இல்லையேல் அந்த மணலே கீறிவிடும். வெள்ளிக்கிழமை வாளி வாளியாய் ஊற்றிக் கழுவுவதை மட்டும் இதில் விட்டுவிட வேண்டும். ஓரத்தில் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு, இறுக்கப் பிழிந்த துணி, போதும். சோப்பு கூடினால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். போர்வெல் உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவுக்குத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர். ஆசிட், மண்ணெண்ணெய், தின்னர் வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும். பதற வேண்டாம், நாளாவட்டத்தில் வெளிச்சத்தில் வெளிறும். ரப்பர் அடி வைத்த கால்மிதி போட்ட இடத்துப் பழுப்பு அப்படியல்ல. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் எதற்கும் போகாது. துணி மிதியடி போடுங்கள். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து நேரே இறக்கி வைத்தாலும் தழும்புதான்.

கிழிந்த ஷீட்டைப் போகிக்குப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும், டையாக்சின் நஞ்சும் சேரும். சாரல் அடிக்கிற மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டிவிட்டால் இன்னும் சில மழைக்காலம் உழைக்கும்.