பீரங்கிக்குப் பக்கத்தில் கச்சேரி

கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு மட்டக்களப்புக் கோட்டை ஒரு கோட்டையே அல்ல; அது கச்சேரி. 1961 ஏப்ரலில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை, வயற்காணிப் பெமிட்டோ வேறு அலுவலோ, அந்தச் சின்ன வாசலுக்குள்தான் நுழைய வேண்டும். வாசலின் மேலே ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை. அதை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ! காணிப் பிரச்சினையோடு போகிறவனுக்குச் சரித்திரம் எதற்கு?

உள்ளே கொத்தளங்களில் இரும்புப் பீரங்கிகள் இன்றும் கிடக்கின்றன. வாய் வழியே மருந்தும் குண்டும் திணித்து, பின்பக்கத்துச் சிறு துளையில் தீ வைக்கும் பழைய வகை. அவை பார்த்திருப்பது கடலை அல்ல, வாவியை. கோட்டை நிற்பது புளியந்தீவில்: இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. முகத்துவாரம் தள்ளி இருக்கிறது. பெரிய கப்பல் அதற்குள் வர முடியாது. ஆகவே இந்தப் பீரங்கிகள் காவல் காத்தது வள்ளங்கள் போகும் பாதையைத்தான். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்த வாவி தெற்கே நம்முடைய கிட்டங்கிப் பக்கம்வரை வருகிறது. றோட்டு இல்லாத காலத்தில் நெல்லும் ஆளும் போன வழி அது.

கோட்டையின் கதையும் நம்முடைய ஊர்களின் கதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626 அளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்னரே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். இரண்டே வருடத்தில், 1628இல், துரத்தியவர்களே புளியந்தீவுக்கு வந்து கோட்டை கட்டத் தொடங்கினார்கள்.

பத்து வருடம்தான் தாக்குப்பிடித்தது. செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். வெஸ்டர்வோல்ட் என்ற தளபதி 1638 மே மாதம் கப்பல்களோடு வந்து, பீரங்கிகளைக் கரையில் இறக்கிக் கோட்டையை நோக்கிச் சுட்டான். மே 18ஆம் திகதி போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். ஐந்து நாள் கழித்து மன்னனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் எழுதினார்கள். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை மன்னனின் பிரதியில் இருந்தது; ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அந்த ஒரு வரி ஏற்படுத்திய சேதத்தை எந்தப் பீரங்கியும் ஏற்படுத்தியிருக்காது. பிறகு வந்த சண்டை சச்சரவு பாதியும் அதிலிருந்து கிளம்பியதுதான். 1795இல் பிரித்தானியர் வந்தபோதும் இந்தக் கொத்தளங்கள் பெரிதாக எதையும் தடுத்துவிடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் நம்பியது திருகோணமலையை. அங்கே ஒஸ்டன்பேர்க் மேட்டில், துறைமுக வாசலைப் பார்த்தபடி கடற்கரைப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எதிரி வந்தது ஆகாயத்தால்! ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. முந்தின இரவே அங்கிருந்து தெற்கே விலகிப்போயிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு நேரே கடலில் அகப்பட்டது. விமானந்தாங்கி என்பது பெயரளவில்தான். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. 307 பேரோடு மூழ்கிப்போனது.

கச்சேரி அண்மையில் திராய்மடுவிலுள்ள புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கோட்டையை உல்லாசப் பயணிகளுக்கு உரியதாக்கலாம் என்ற பேச்சு எப்போதும் இருக்கிறது. செய்யட்டும். பீரங்கிக்குக் கறுப்பு மை பூசி, பக்கத்தில் நின்று படம் எடுக்க ஒரு மேடை கட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 1638 ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஓர் அறையில் பழைய காணிப் பெமிட்டுக் கோவைகளை வையுங்கள். மூத்தவாப்பாவின் பெயரைத் தேடிக்கொண்டு கல்முனையிலிருந்து பஸ் ஏற ஆட்கள் இருக்கிறார்கள்.