இரண்டு பேட்டரிகள், 31 ஆண்டுகள்!

தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். ராமானுஜர் பிறந்த ஊர் அது. இன்று கார், செல்போன் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய நினைவிடம் ஒன்று இருக்கிறது. கார்களும் பஸ்களும் அதைத் தாண்டிப் பறந்துகொண்டே இருக்கும். நீங்களும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய நினைவிடம் தெரியுமா? இந்தியாவின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் நினைவிடம். அவர் அங்கேதான் கொல்லப்பட்டார்.

ஒரு தலைவரைக் கொன்றவர் ஒருவராக இருக்கலாம். பின்னால் இருந்து உதவியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஆனது? எல்லோருக்கும் ஒரே தண்டனையா? இது பெரியவர்களையே திணற வைத்த கேள்வி. வாருங்கள், பார்ப்போம்.

அந்த இரவு

1991ஆம் ஆண்டு மே 21. தேர்தல் நேரம். ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வந்து இறங்கினார். அங்கிருந்து காரில் ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டத்துக்குப் புறப்பட்டார். போய்ச் சேரும்போது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் கூட்டம் கலையாமல் காத்திருந்தது.

மாலை போட வந்தவர்கள் முண்டியடித்தார்கள். அனுசுயா என்ற பெண் காவல் அதிகாரி அவர்களைத் தடுக்கப் பார்த்தார். "எல்லோரும் வரட்டும்" என்பதுபோல ராஜீவ் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில் சந்தனமாலையோடு நின்றவர்களில் ஒரு பெண், தன் உடையின் உள்ளே வெடிகுண்டைக் கட்டியிருந்தார். தணு என்பது அவருடைய பெயர். அவர் குனிந்தார். குண்டு வெடித்தது.

ராஜீவ் மட்டுமா இறந்தார்? பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் இறந்தார்கள். ராஜீவிடம் கவிதை வாசிக்க வந்திருந்த ஒரு சிறுமி இறந்தாள். அவளுடைய அம்மாவும் இறந்தார். அவளுக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். அனுசுயா கை விரல்களை இழந்து, படுகாயத்தோடு உயிர் தப்பினார். இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவர்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

பேசிய கேமரா

கொலை செய்தவரும் இறந்துவிட்டார். அப்புறம் எப்படித் துப்புக் கிடைத்தது? ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார். சதிக் கும்பலுக்காகப் படம் எடுக்க வந்தவர் அவர். குண்டு வெடித்ததில் அவரும் இறந்துபோனார். ஆனால் அவருடைய கேமரா சிதையவில்லை! உள்ளே இருந்த பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள். பத்துப் படங்கள். ஒரு படத்தில் மாலையோடு தணு நிற்கிறார். இன்னொரு படத்தில் வெள்ளைக் குர்தா போட்டு, கையில் நோட்டோடு பத்திரிகைக்காரர்போல ஒருவர் நிற்கிறார். அவர்தான் சிவராசன். சதியை முன்னின்று நடத்தியவர்.

டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையில் சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு இறங்கியது. இலங்கையின் விடுதலைப் புலிகள் இயக்கம்தான் இதன் பின்னணி என்று அந்தக் குழு கண்டறிந்தது. ஏன் இந்தக் கோபம்? 1987இல் ராஜீவ் பிரதமராக இருந்தபோது இந்திய ராணுவம் அமைதி காக்க இலங்கைக்குப் போனது. ஆனால் அங்கே புலிகளோடு போர் மூண்டது. 1990இல் ராணுவம் திரும்பி வந்தது. ராஜீவ் மறுபடி பிரதமரானால் ராணுவம் திரும்பவும் வருமோ என்று புலிகள் எண்ணினார்கள் என்பது வழக்கில் சொல்லப்பட்ட காரணம்.

தேடல் சென்னை முழுக்க நடந்தது. ஜூன் 11இல் பேரறிவாளன் கைதானார். அப்போது அவருக்கு வயது 19. ஜூன் 14இல் நளினியும் அவருடைய கணவர் முருகனும் சைதாப்பேட்டை பஸ் நிலையத்தில் பிடிபட்டார்கள். சிவராசன் மட்டும் அகப்படவே இல்லை. ஆகஸ்ட் மாதம், பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் ஒரு வீட்டைப் போலீஸ் சுற்றி வளைத்தது. உள்ளே போனபோது சிவராசன் உட்பட 7 பேரும் இறந்து கிடந்தார்கள். முழு உண்மையும் தெரிந்தவர்களின் வாய் அன்றோடு மூடிவிட்டது.

பூந்தமல்லி தீர்ப்பு

குற்றப்பத்திரிகையில் மொத்தம் 41 பேர். அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள். பிரபாகரன் உட்பட 3 பேர் பிடிபடவில்லை. (2009 மே மாதம் நடந்த இறுதிப் போரில் பிரபாகரன் கொல்லப்பட்டதாக இலங்கை அரசு அறிவித்தது.) மீதி 26 பேர்மீது பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 288 சாட்சிகள்! 1998 ஜனவரி 28இல் தீர்ப்பு வந்தது. 26 பேருக்கும் தூக்குத் தண்டனை!

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே 11இல் அங்கே வேறு தீர்ப்பு வந்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய 4 பேருக்குத் தூக்கு. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் ஆகிய 3 பேருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேருக்கும் கொலைச் சதியில் பங்கு இல்லை என்றது நீதிமன்றம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நீதிமன்றம் 26 பேரையும் தூக்கில் போடச் சொல்கிறது. மேல்முறையீடு என்ற ஒன்று இல்லாமல் போயிருந்தால் அந்த 19 பேரின் கதி என்ன?

விடுபட்ட ஒரு வரி

சதி என்றால் என்ன? ஒரு குற்றத்தைச் செய்வதென்று பலர் சேர்ந்து, தெரிந்தே உடன்படுவதுதான் சதி. "தெரிந்தே" என்பதுதான் இதில் உயிரான சொல். உங்கள் நண்பன் கேட்டான் என்று ஒரு கத்தரிக்கோல் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவன் அதை வைத்து யாருடைய பையையோ கிழித்துவிட்டான். அவன் கிழிக்கப்போவது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? உங்கள் பங்கு அதைப் பொறுத்ததுதானே!

பேரறிவாளன் மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு, சிவராசனுக்கு 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிற பொருள். வெடிகுண்டை இயக்க அந்த பேட்டரிகள் பயன்பட்டன என்றது அரசுத் தரப்பு. இதற்கு ஆதாரம் அவருடைய ஒப்புதல் வாக்குமூலம். பொதுவாகப் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. பயமுறுத்தி வாங்கியிருக்கலாம் அல்லவா? ஆனால் அப்போது இருந்த தடா சட்டம் அதை அனுமதித்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த வழக்குக்குத் தடா குற்றச்சாட்டே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்தச் சட்டப்படி வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது!

2013ஆம் ஆண்டு. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வு பெற்றிருந்தார். அவர் ஓர் உண்மையை வெளியே சொன்னார். பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் அன்றே சொன்னாராம். அந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டதாக அதிகாரியே ஒப்புக்கொண்டார்! ஒரே ஒரு வரி. அதற்குள் பேரறிவாளன் சிறைக்குப் போய் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தூக்குக் கயிறு வரை

நளினிக்குச் சிறையிலேயே குழந்தை பிறந்திருந்தது. அவரைத் தூக்கிலிட வேண்டாம் என்று ராஜீவின் மனைவி சோனியா காந்தியே கேட்டுக்கொண்டார். 2000ஆம் ஆண்டு நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2008இல் ராஜீவின் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்கே போய் நளினியைச் சந்தித்தார். அப்பாவைப் பறிகொடுத்த மகள், அந்த வழக்கின் கைதி முன்னால் உட்கார்ந்து பேசினார்.

மற்ற 3 பேரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 2011இல் குடியரசுத் தலைவர் அவற்றை நிராகரித்தார். செப்டம்பர் 9 தூக்கு என்று தேதியும் குறித்தாயிற்று. பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாள் ஊர் ஊராகப் போய் மகனுக்காகப் பேசினார். கடைசி நேரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014 பிப்ரவரி 18இல், இத்தனை தாமதம் நியாயமில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு அது.

2022 மே 18இல் பேரறிவாளன் விடுதலையானார். 19 வயதில் உள்ளே போனவர், 50 வயதில் வெளியே வந்தார். நவம்பர் 11இல் மற்ற ஆறு பேரையும் விடுவிக்க உத்தரவு வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நீண்ட சிறைவாசம், விடுதலைக்கு மாநில அமைச்சரவை செய்த பரிந்துரை போன்றவற்றை வைத்துத்தான் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை அனுசுயா ஏற்கவில்லை. காயத்தோடு வாழ்கிறவரின் வருத்தம் அது. அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

இலங்கையைச் சேர்ந்த நால்வரும் வெளியே வந்ததும் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். சாந்தன் சொந்த ஊருக்குப் போகக் காத்திருந்தார். 2024 பிப்ரவரி 28இல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் உடல்தான் ஊருக்குப் போனது. ஏப்ரல் 3இல் முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள்.

அமெரிக்காவில் 84 நாள்

நம் ஊரில் 31 ஆண்டுகள். இதற்கு நேர் எதிரான கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1865 ஏப்ரல் 14இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை நாடக அரங்கில் வைத்துச் சுட்டான் நடிகன் ஜான் வில்க்ஸ் பூத். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். 12ஆம் நாள் பூத்தும் சுட்டுக் கொல்லப்பட்டான். உடந்தையாக இருந்ததாக 8 பேரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. ஜூலை 7இல் 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். லிங்கன் சுடப்பட்டு 84 நாட்கள்தான் ஆகியிருந்தன!

அந்த நால்வரில் மேரி சுராட் என்ற பெண்மணியும் ஒருவர். சதிகாரர்கள் கூடிய விடுதியை நடத்தியவர். அவருக்குச் சதி எவ்வளவு தூரம் தெரியும் என்று இன்றும் வாதம் நடக்கிறது. அவருடைய மகன் ஜான் சுராட்டும் அதே சதியில் தேடப்பட்டவர்தான். ஆனால் அவர் வெளிநாட்டுக்குத் தப்பிவிட்டார். 1867இல் சாதாரண நீதிமன்றத்தில் அவர்மீது வழக்கு நடந்தது. ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் மகன் விடுதலை! கோபம் கொதித்தபோது விசாரிக்கப்பட்ட தாய்க்குத் தூக்கு, கோபம் ஆறியபின் விசாரிக்கப்பட்ட மகனுக்கு விடுதலை.

பூத்தின் உடைந்த காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சாமுவேல் மட் என்பவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரிடமும் அதே கேள்விதான். வந்தவன் யார் என்று தெரிந்து கட்டுப் போட்டாரா, தெரியாமல் போட்டாரா? சிறைத்தீவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அவர் எல்லோருக்கும் வைத்தியம் பார்த்தார். 1869இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

அவசரப்பட்டால் தவறானவர் தூக்கில் தொங்கலாம். தாமதித்தால் ஒருவரின் வாழ்க்கையே சிறையில் கரைந்துவிடும். நீதிபதியின் வேலை எவ்வளவு கடினமானது பார்த்தீர்களா!

அடுத்த முறை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால், இறங்கி அந்த நினைவிடத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே ராஜீவ் காந்தியை நினைக்கும்போது, கவிதையோடு வந்த அந்தச் சிறுமியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஏதாவது தப்பு நடந்து, "அவனும் கூட இருந்தான் சார்!" என்று யாராவது கைகாட்டினால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். "அவனுக்கு அது தெரியுமா?" என்று முதலில் கேளுங்கள்.