மீன் எண்ணெயிலிருந்து ஈபிஏ-வை மட்டும் எடுப்பது எப்படி?

கடையில வாங்குற மீன் எண்ணெய் மாத்திரையில ஈபிஏ, டிஎச்ஏ, இன்னும் பல கொழுப்புகள் கலந்திருக்கும். ஆனா 2012-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதிச்ச ஐகோசாபென்ட் எத்தில் மருந்துல குறைஞ்சது 96% ஈபிஏ மட்டும்தான். இவ்வளவு சுத்தமா எப்படிப் பிரிக்கிறது?

காய்ச்சி வடிச்சா போதாது. ஈபிஏ-வுல 20 கார்பன். அதே நீளமுள்ள மத்த கொழுப்புகளும் கிட்டத்தட்ட அதே சூட்டுலதான் ஆவியாகும். சூடு கூடினா ஈபிஏ-வோட 5 இரட்டைப் பிணைப்புகளும் கெட ஆரம்பிக்கும்.

அங்கதான் குரோமட்டோகிராபி. சிலிக்கா தூள் நிரப்பின தூண் வழியா எண்ணெயைக் கரைப்பானோட அனுப்பினா, தூள்ல அதிகம் ஒட்டுறது பிந்தும், குறைவா ஒட்டுறது முந்தும். டன் கணக்குல இப்படிச் செஞ்சா கரைப்பான் செலவு தாங்காது.

தூளைக் கரைப்பானுக்கு எதிர்த்திசையில ஓடவிட்டா, முந்துறதும் பிந்துறதும் ஆளுக்கொரு பக்கமா, நிக்காம வெளிய வரும், கரைப்பானும் மிச்சம். ஆனா தூளை நகர்த்தினா அரைபட்டுடும். அதனால தூண்களை வட்டமா இணைச்சு, உள்ளே விடுற, வெளியே எடுக்குற இடங்களை மட்டும் வால்வு மூலமா அடுத்தடுத்த தூணுக்கு மாத்துறாங்க. டேட்டாவைத் தொடாம பாயிண்டரை நகர்த்துற அதே ஐடியா! பேரு, சிமுலேட்டட் மூவிங் பெட்.

அதனால டாக்டர் இந்த மருந்தை எழுதிக் கொடுத்தா, 'ரெண்டும் மீன் எண்ணெய்தானே'ன்னு கடை மாத்திரைக்கு மாறிடாதீங்க.