பேராதனையில் ஒரு பகற்பொழுது

பின்னிரவு இரண்டு மணிக்குக் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் எங்கள் பஸ் வண்டி புறப்பட ஆயத்தமாய் நின்றது. சுற்றிலும் நாற்பது பிள்ளைகள். அவர்களை வழியனுப்ப வந்து, அவர்களினும் உரக்கப் பேசிக்கொண்டிருந்த பெற்றோர். இடியப்பப் பொதிகள், தண்ணீர்ப் போத்தல்கள், மலைப்பாதையில் மயக்கம் வந்தால் முகர்வதற்கென்று தோடம்பழங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் 2025ஆம் ஆண்டில் தன் எழுபத்தைந்தாவது ஆண்டை நிறைவு செய்தது. அதனையொட்டி நடைபெற்ற கண்காட்சிக்கே எங்கள் பயணம்.

“ஒலுவிலிலேயே ஒரு பொறியியற் பீடம் இருக்கும்போது மலை ஏறவேண்டுமா?” என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் கல்முனைக்குத் தெற்கே, எங்கள் கரையிலேயே உள்ளது. எனினும், மூத்த வீட்டை ஒருமுறையேனும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது என் எண்ணம்.

துணைக்கு வந்த பெற்றோர் மூவருள் ஒருவர் குருமண்வெளியைச் சேர்ந்த தோணிக்காரர். வாவியில் வலை வீசுபவர்; காலம் வாய்க்கும்போது கடலிற் கரைவலை இழுக்கவும் போவார். அவருடைய மகள் பதினோராம் ஆண்டில் என்னிடம் கணிதம் கற்கிறாள். வகுப்பில் முதல் மாணவி அவளே. அடுத்த ஆண்டு உயர்தரத்திற்கு எந்தப் பிரிவு என்பதே அந்த வீட்டின் வழக்கு. எங்கள் பாடசாலையிற் கணிதப் பிரிவு இல்லை. நகரத்திற் சென்று தங்கிப் படிக்கவேண்டும். “கணிதமெண்டா ரெண்டு மூண்டு தரம் சோதினை எடுக்கவேணுமாம் மாஸ்ரர். கலைப் பிரிவெண்டா இஞ்ச இருந்தே படிச்சு ரீச்சராகலாந்தானே” என்று அவர் முன்னரே என்னிடம் கூறியிருந்தார். அவர் சொன்னதில் அறியாமை எதுவுமில்லை. வருமானத்தை எண்ணிப் பார்க்கும் தந்தையின் கணக்கு அது. நானும் அதற்கு மறுமொழி கூறாமல், “ஒருநாள் எங்களோடு வாருங்கள்” என்று மட்டும் அழைத்தேன்.

நகரத்துப் பிள்ளைகள் சிலரையும் ஏற்றவேண்டியிருந்தமையால் கல்லடி வழியாகச் சென்றோம். புதிய பாலத்திற் செல்லும்போது பக்கத்திலே பழைய பாலம் இருளில் நிழலுருவாய்த் தெரிந்தது. 1924இல் எழுந்த அந்த இரும்புப் பாலத்திற்கு அக்காலத் தேசாதிபதியின் மனைவியார் பெயரால் மானிங் சீமாட்டி பாலம் என்று பெயர். ஒரே சமயத்தில் ஒரு திசை வண்டிகளே அதிற் செல்லலாம். மறுகரை வண்டிகள் வந்து தீருமட்டும் காத்து நின்ற நினைவு என் வயதினர் எல்லோருக்கும் உண்டு. ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மண்முனையிலும் பாலம் வந்தது. அதுவரை படுவான்கரை மக்கள் கொக்கட்டிச்சோலையிலிருந்து இக்கரை வருவதற்குப் ‘பாதை’யையே நம்பியிருந்தனர். எங்கள் நாட்டிற் பாதை என்றால் தெருவன்று. மனிதரையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மழைக்காலத்து இரவில் பிரசவ வேதனையோடு ஒரு பெண் அக்கரையில் இருந்தால் என்ன நேரும் என்பதை வாவிக்கரைக் குடும்பங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பொறியியல் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு இயந்திரம் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது பாலந்தான்.

செங்கலடியிலிருந்து கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை. அங்கே தேநீர். மகியங்கனையில் மகாவலியைக் கடந்து, பதினெட்டு வளைவுகளும் ஏறி முடிவதற்குள் தோடம்பழங்கள் யாவும் தீர்ந்துவிட்டன.

பேராதனையில் மீண்டும் அதே மகாவலி. பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி ஆற்றின் ஒரு கரையிலும், பொறியியற் பீடம் மறுகரையிலும் உள்ளன. இரண்டையும் இணைப்பது அக்பர் பாலம் என்னும் நடைபாலம். “இவங்களுக்கும் எழுவான்கரை, படுவான்கரை இருக்கு” என்று தோணிக்காரர் சிரித்தார்.

இவ்விடத்திற் சிறிது பழைய கதை. இலங்கையிற் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பிலே தொடங்கி, 1964இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னர் பொறியியல் கற்க விரும்பியோர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்குத் தோற்றினர். அந்தக் கல்லூரியின் பழைய மாணவருள் எங்கள் காரைதீவுக்காரர் ஒருவர் உண்டு. பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் என அறியப்பட்ட மயில்வாகனனார், 1916இல் அங்கே விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் சித்தியெய்தினார். யாழ்நூலை எழுதிய பெரும்புலவராகவே அவரை நாம் போற்றுகிறோம்; பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பித்த ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். சுரங்களுக்கிடையேயான விகிதங்களைக் கணக்கிட்டு மறைந்துபோன ஒரு கருவியின் அமைப்பைக் காண முயன்றவரின் நூலைக் கணிதம் அறியாதவர் எழுதியிருக்கமுடியாது. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். இந்தச் செய்தி ஏன் வேண்டும் என்பது பின்னாற் புரியும்.

கண்காட்சிக்குள்ளே கூட்டம் அலைமோதிற்று. தாமாகவே நகரும் பொறிமனிதர்களையும் ஆளில்லா விமானங்களையும் சூழ்ந்து பிள்ளைகள் நின்றுவிட்டனர். இவற்றைக் கைபேசியிலும் பார்க்கலாமே என்று எனக்குச் சிறிது ஏமாற்றம். அவர்களை ஒருவாறு இழுத்துக்கொண்டு பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வுகூடத்திற்குச் சென்றேன்.

அங்கே பன்னிரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லுருக்குக் கம்பியொன்றை இயந்திரத்தின் இரு தாடைகளுக்கிடையிற் பூட்டி இழுத்தனர். விசை ஏறிக்கொண்டே போயிற்று. கம்பியில் மாற்றமெதுவும் தெரியவில்லை. பின்னர் மெல்ல நீளத் தொடங்கியது. நடுவிலே ஓரிடம் கழுத்துப் போல ஒடுங்கிற்று. நாலரைத் தொன் எடையைத் தூக்கிய அந்தக் கம்பி, வெடியோசை போன்ற சத்தத்தோடு அறுந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டனர். அறுந்த துண்டை ஒருவன் தொட்டு, சுடுகிறது என்று கையை உதறினான்.

அடுத்து ஒரு கொங்கிறீற்றுக் கட்டியை நசுக்கினர். அது முன்னறிவிப்பு எதுவுமின்றி நொறுங்கிற்று. கொங்கிறீற்று நசுக்குதலை நன்கு தாங்கும். இழுத்தாலோ அதன் வலிமை ஏறக்குறைய பத்திலொரு பங்குதான். ஆகவேதான் இழுவை வரும் பக்கத்தில் உருக்குக் கம்பியை வைத்து வார்க்கின்றனர். கம்பிக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. அறுபடுவதற்கு முன் நீண்டு காட்டும். வீட்டின் விட்டம் வெடித்துத் தொய்ந்து, உள்ளே இருப்போர் வெளியே ஓட நேரம் கொடுக்கிறதென்றால் அது கம்பியின் குணம். கம்பியிலே மிச்சம் பிடிக்கும் எங்களூர் வீட்டுச் சொந்தக்காரர் யாவரையும் அங்கே ஒருமுறை நிறுத்திவைக்கவேண்டும் போலிருந்தது.

இந்த விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. விளக்கிய சிங்கள மாணவர் நல்லவர். பொறுமையோடு இருமுறை கூறினார். எங்கள் பன்னிரண்டாம் ஆண்டு மாணவனொருவன் விழித்துக்கொண்டு நின்றான். “ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்றால் என்ன, சேர்?” என்று என் காதிற் கேட்டான். “தகைப்பு, விகாரம்” என்றேன். “அட, இதுதானா!” என்றான். பொருளைக் கற்றிருந்தான், அது வேறு சட்டை அணிந்து வந்ததும் அடையாளம் தெரியவில்லை. சுவாமிகளும் அவர்போன்றோரும் பாடுபட்டு ஆக்கிய சொற்களாலேயே எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கின்றனர். அது பெரும் பேறு. ஆனால் பொறியியற் பீடத்திற் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழ்ச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்திலே ஆங்கிலச் சொல்லையும் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? நான் இதுவரை எழுதியதில்லை. இந்தக் குற்றம் என்னுடையது.

மண்ணியல் ஆய்வுகூடத்திலே நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

ஒரு றப்பர்ப் பையில் மணலும், அதன் இடுக்குகள் நிரம்பத் தண்ணீரும். பையின் வாயிலிருந்து மேலே எழும் கண்ணாடிக் குழாயிலும் தண்ணீர் நிற்கிறது. “பையை அழுத்தினால் குழாயில் நீர் ஏறுமா, இறங்குமா?” என்று கேட்டார்கள். ஏறும் என்று எல்லோரும் கூவினோம். அழுத்தினார்கள், நீர் இறங்கிற்று! நானும் ஏமாந்தேன். இங்கே விளக்கிக்கொண்டிருந்தவர்களுள் ஒருத்தி தமிழ் மாணவி. “ஏன் இறங்கியது?” என்று தமிழிலே கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து தோணிக்காரர் தயங்கித் தயங்கிக் கூறினார்: “பிள்ளை, கரைவலை இழுக்கக்குள்ள ஈரமணலில காலை ஊண்டினா, காலைச் சுத்தி மணல் காய்ஞ்சு வெளுக்கும். காலை எடுத்தா மறுகா தண்ணி ஊறும். மணல் விரிஞ்சு தண்ணியைக் குடிக்குது போல. இதுவும் அதுதானோ?”

அந்த மாணவி சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பின்பு, “ஐயா, அதேதான்!” என்றாள். நெருங்கிக் கிடக்கும் மணிகள் நகரவேண்டுமானால் ஒன்றன்மேலொன்று ஏறவேண்டும். அப்போது இடுக்குகள் பெருகும். நீர் உள்ளே இழுபடும். மஞ்செஸ்ரர் நகரத்துப் பொறியியற் பேராசிரியர் ஒஸ்போர்ண் றெய்னோல்ட்ஸ் 1885இல் இதனை எடுத்துக்காட்டியபோது, அவரும் கடற்கரை மணலிற் பதியும் காலடியையே சான்றாகக் காட்டினாராம். அவள் அதனைத் தன் சிங்களத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல, அவர்கள் தோணிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினர். அவர் கூசி நின்றார். மகளின் முகத்தை நான் பார்த்தேன்.

மண்ணின் இந்த நடத்தையைச் சமன்பாட்டில் அடக்கியோருள் எம்மவர் ஒருவரும் உண்டு. வடமராட்சியில் 1934இற் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியிற் கற்ற அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மண்பொறியியலை ஆராய்ந்து, றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை இன்றும் உலகெங்கும் மேற்கோளாகிறது. அந்நகரூடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் ‘கேம் களி’ என வழங்கும் கோட்பாடு அவர்கள் ஆய்விற் பிறந்ததே. பாலத்தின் தூண் களியில் எவ்வளவு புதையும், அணைக்கட்டு எப்போது சரியும் என்பனவற்றைக் கணிக்க அது வழிகாட்டுகிறது. அவர் பேராதனையிற் பொறியியற் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். மிகக் கொடிய போர்க்காலம் அது.

மதிய உணவின்போது அந்தத் தமிழ் மாணவி எங்களோடு வந்து அமர்ந்தாள். கிளிநொச்சிப் பக்கம். “முதல் மூன்று மாதம் விரிவுரை ஒன்றும் விளங்காது, சேர். பலகையிற் சமன்பாடு வந்தாற்றான் மூச்சு வரும். அது எல்லா மொழியிலும் ஒன்றுதானே. இரவிலே சிங்களத் தோழிமாரோடு இருந்து படிப்பேன். அவர்களுக்கும் ஆங்கிலம் என்னைப் போலத்தான்” என்றாள். என் மாணவி அவளிடம் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. அனுமதி எப்படி என்றும் கேட்டாள். நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில். 55 மாவட்டங்களுக்குப் பங்கிட்டு. எஞ்சிய 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அவற்றுள் மட்டக்களப்பும் ஒன்று என்று நான் விளக்கினேன். ஆனால் வசதி குறைந்த மாவட்டத்திற்கென ஒதுக்கிய இடத்திற்கும் கணிதப் பிரிவிற் படித்தவர்தாம் விண்ணப்பிக்கமுடியும். பிள்ளைகள் அந்தப் பிரிவிற் சேரவே அஞ்சி ஒதுங்கினால் இட ஒதுக்கீடு யாருக்கு?

மாலையில் அக்பர் பாலத்தின் நடுவிலே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். வழியில் ஒரு சில்லுக் காற்றுப் போயிற்று. அதை மாற்ற ஒரு மணி நேரம் சென்றது. பிள்ளைகள் பாடிக் களைத்து உறங்கிவிட்டனர்.

கல்லடிப் பாலத்தை அடையும்போது நள்ளிரவு கடந்திருந்தது. தோணிக்காரர் உறங்கவில்லை. முன்னால் வந்து என் பக்கத்திலே குந்தினார்.

“மாஸ்ரர், அந்தப் படிப்பு எத்தனை வருசம்?”

உயர்தரத்திற்கு இரண்டு, பல்கலைக்கழகத்தில் நான்கு என்றேன். பரீட்சைக்கும் அனுமதிக்குமிடையே காத்திருக்கும் காலத்தையும் மறைக்காமற் கூறினேன். நகரத்திலே தங்குமிடத்திற்கு மாதம் என்ன செல்லும் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அவர் விரல்களை மடித்து, மீண்டும் விரித்து, மீண்டும் மடித்தார்.

“அப்ப எனக்கு ஐம்பத்திமூண்டு” என்றார். பின்பு எழுந்து சென்று, உறங்கிக்கொண்டிருந்த மகளின் தலைமாட்டிற் கிடந்த புத்தகப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.