யுனானி படிக்கக் கடல் கடக்குமுன்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் நமது ஊர்களில் ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து எழும். "மகளுக்கு மெடிசின் கிடைக்கல்ல. இந்தியாவுல யுனானி படிக்கலாமாம், ஸ்கொலர்ஷிப்பும் இரிக்காம். அனுப்பலாமா?" கேட்பவர் பெரும்பாலும் வாப்பா. பதில் சொல்பவர் ஒரு முகவராகவோ, அங்கே படிக்கும் பிள்ளையொன்றின் உறவினராகவோ இருப்பார். அனுமதி எப்படிக் கிடைக்கும் என்று அவர் நன்றாகவே சொல்வார். ஐந்தரை வருடம் கழித்துப் பட்டத்தோடு வந்திறங்கும் பிள்ளை இங்கே எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைச் சொல்பவர்தான் குறைவு. ஆகவே அந்தக் கடைசிக் கதவிலிருந்தே தொடங்குவோம்.

யுனானி நமக்கு அந்நியமான கலையல்ல. கிரேக்கத்தில் வேரூன்றி, இப்னு சீனா போன்றோரின் கைகளில் வளர்ந்து, அரபு மொழி வழியாக இந்நாட்டுக்கு வந்த மருத்துவம் அது. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால முதலியார் பரம்பரையை நமது வரலாறு பேசுகிறது. இன்றும் கொழும்புப் பல்கலைக்கழகம் ராஜகிரியவில் யுனானிப் பட்டப்படிப்பை நடத்துகிறது. 1929இல் தொடங்கிய சுதேச மருத்துவக் கல்லூரியின் வழித்தோன்றல் அது. வெட்டுப்புள்ளி கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு முதல் தெரிவு அதுவாகவே இருக்கட்டும். கீழே வருவது, அந்த வாய்ப்புத் தப்பியவர்களுக்கும் வெளியே சென்று படிக்கவே விரும்புபவர்களுக்கும்.

நமது சட்டம் எதைப் பெயர் சொல்கிறது?

"இயற்கை மருத்துவம்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அது ஒன்றல்ல. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் "ஆயுர்வேதம்" என்ற சொல்லுக்குள் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றை அடக்குகிறது. இவற்றில் தொழில் செய்ய விரும்புபவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். ஹோமியோபதிக்கு வேறு சட்டம், வேறு சபை: 2016ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம்.

இந்தியாவில் "நச்சுரோபதி" என்ற பெயரில் யோகாவும் இயற்கை மருத்துவமும் சேர்ந்த பி.என்.வை.எஸ். என்ற பட்டமுண்டு. அதுவும் ஐந்தரை வருடம். பெயருக்கு முன் டொக்டர் என்றும் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நமது ஆயுர்வேதச் சட்டத்தில் அதன் பெயர் இல்லை. ஆசிய நாடுகளின் ஏனைய சுதேச முறைகளுக்கும் வரைவிலக்கணத்தில் ஓரிடம் உண்டுதான். என்றாலும் பெயர் சொல்லப்படாத துறையில் படித்தவர் தன் வழக்கைத் தானே நிறுவ வேண்டியிருக்கும். இந்தியாவிலும், யுனானியைக் கவனிக்கும் தேசிய ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் நச்சுரோபதி வரவில்லை. படிக்கக் கூடாது என்பதல்ல. தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஹிஜாமா பற்றியும் ஒரு வார்த்தை. யுனானியில் அது "இலாஜ் பித்தத்பீர்" என்ற பாடத்தின் ஒரு பகுதி. உடற்கூறு, நோயறிதல் எல்லாம் கற்ற பின்பே கைக்கு வருவது. சில நாள் பயிற்சிக்கு வழங்கப்படும் சான்றிதழ், எந்த நாட்டில் பெற்றாலும், மருத்துவப் பட்டத்துக்கு ஈடாகாது.

எந்தக் கல்லூரி?

பழம்பெரும் யுனானிக் கல்லூரிகள் இந்தியாவில் பல. ஹகீம் அஜ்மல் கானின் முயற்சியில் டில்லி கரோல்பாக்கில் உருவான திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். 1927இல் அலிகரில் தொடங்கிய கல்லூரி அவர் பெயரையே தாங்குகிறது. ஹகீம் அப்துல் ஹமீத் கட்டியெழுப்பிய ஜாமியா ஹம்தர்த் டில்லியில் இருக்கிறது. ஹைதராபாத்தில் சார்மினார் அருகே நிஸாமியா, சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானிக் கல்லூரி. பெங்களூரிலுள்ள தேசிய யுனானி நிறுவனம் பட்டமேற்படிப்புக்கு மட்டும் உரியது. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அங்கே இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

கல்லூரியின் பெயரை விட மூன்று விடயங்கள் முக்கியம். அந்த வருட அனுமதிக்குத் தேசிய ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா? பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தாலும் அது மருத்துவப் பதிவு ஆகாது. பல்கலைக்கழகத்தை ஏற்பது ஓரிடம், வைத்தியராகப் பதிவது வேறிடம். பலர் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான்.

பாடமும் மொழியும்

யுனானிப் பட்டத்துக்கு, அதாவது பி.யு.எம்.எஸ்.ஸுக்கு, இந்திய விதிகள் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்தையும் கேட்கின்றன. இந்திய மாணவருக்குக் கட்டாயமான நீட் பரீட்சை வெளிநாட்டவருக்கு இல்லை. அவர்களது தகைமையைப் பல்கலைக்கழகம் சமப்படுத்திப் பார்க்கும். இங்கே நமது பிள்ளைகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுப்பவர்கள் பலர். உள்ளூரில் அது செல்லும், இந்திய விண்ணப்பத்தில் "பௌதிகவியல் எங்கே?" என்று கேட்பார்கள். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாளிலேயே இதை யோசிக்க வேண்டும்.

மொழி இரண்டாவது விடயம். பத்தாம் வகுப்பில் உருது, அரபு, பாரசீகம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும் என்பது யுனானிக்கே உரிய நிபந்தனை. இல்லாதவர்களுக்கு உருதுத் தேர்வோ ஒரு வருட முன்வகுப்போ உண்டு. நமது பிள்ளைகளில் கணிசமானோர் சாதாரண தரத்தில் அரபு எடுக்கிறார்கள். ஒன்பது பாடத்தில் ஒன்றாக எண்ணி மறந்துவிடும் அந்தப் பெறுபேறு இங்கே பெறுமதியானது. அதை விண்ணப்பத்தில் காட்டி, போதுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழ் போதுமானாலும் வகுப்பறை வேறு. குல்லியாத், தஷ்ரீஹ், இல்முல் அத்விய்யா என்று பாடப்பெயர்கள் அரபுதான்; எழுத்தும் பழகியது. விரிவுரை உருதுவிலோ, ஹிந்தியிலோ, ஆங்கிலத்திலோ நடக்கும். நோயாளி தன் வலியை அந்த ஊர்ப் பாஷையில்தான் சொல்வார். தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதல் வருடம் கடினமாவது இதனால்தான். பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் உருது படிக்கத் தொடங்கினால் பாதிச் சுமை குறையும்.

கடதாசி வேலை

தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழ்கள் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் வர வேண்டும். பின்னர் பத்தரமுல்ல சுஹுருபாயவிலுள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும்.

எல்லாக் கடதாசியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நமது சமூகத்தில் இது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது", கடவுச்சீட்டில் "மொஹமட்", பெறுபேற்றில் வெறும் "எம்." என்ற எழுத்து. வாப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் வேறு. கடவுச்சீட்டு எடுக்குமுன் இதைச் சீர்செய்வது இலேசு. வீசா விண்ணப்பத்துக்குப் பிறகு பெரும்பாடு.

வீசாவும் வந்திறங்கிய பின்னும்

மாணவர் வீசாவில்தான் போக வேண்டும். சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவில் செல்பவர், இறங்கி 14 நாளைக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது அது இணையத்தில் நடக்கிறது. மாணவர் வீசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. "பகுதிநேரமா உழைச்சுச் சமாளிக்கலாம்" என்ற கணக்கு அங்கே சரிவராது.

நமது பிள்ளைகள் விசேடமாக அறிய வேண்டிய விதியொன்று உண்டு. எந்த வகை வீசாவில் வந்த வெளிநாட்டவரும் இந்தியாவில் தப்லீக் பணியில் ஈடுபட அனுமதியில்லை. பள்ளிக்குப் போவதற்கும் பயான் கேட்பதற்கும் தடையில்லை. மேடையில் பேசுவதும் பிரசாரம் செய்வதும் வீசா மீறல். விடுமுறையில் ஜமாஅத்தோடு கிளம்பிவிடும் ஆர்வமுள்ள இளைஞருக்கு இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு விடுதி கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, இரவுக் கடமை முடிந்து எப்படித் திரும்புவது, ஆய்வுகூடத்திலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் உடை விதி என்ன என்பதைக் கேட்டு அறியுங்கள். அங்கே படிக்கும் நமது பிள்ளையொன்றிடம் உம்மா தொலைபேசியில் பேசுவது, கல்லூரியின் அழகிய படப்புத்தகத்தை விடப் பயன்தரும்.

பணமும் புலமைப்பரிசிலும்

இந்திய அரசு ஆயுஷ் துறைகளுக்கென ஐ.சி.சி.ஆர். நிறுவனம் வழியாகப் புலமைப்பரிசில் வழங்குகிறது. யுனானியும் அதிலடங்கும். விண்ணப்பம் இணையவழி, கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் தகவல் தரும். முகவருக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கிடைத்தாலும் கொடுப்பனவுக் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள். விமானச் செலவு யாருடையது? ஒரு பாடம் தவறினால் உதவித்தொகை நிற்குமா? கடைசி வருடப் பயிற்சிக் காலத்துக்கும் அது தொடருமா?

சொந்தப் பணத்தில் படிப்பவர்கள் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் டொலரிலா இந்திய ரூபாயிலா என்று பார்க்க வேண்டும். 2022இல் நமது ரூபாய் விழுந்தபோது, வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்களின் கணக்கு சில மாதங்களுக்குள் தலைகீழானது. முதல் வருடத்துக்கு மட்டும் பணம் திரட்டி அனுப்புவது ஆபத்து. நமது ஸகாத் நிதியங்களும் கல்வி நிதியங்களும் உதவுவதானால், பலருக்கு ஒரு வருடம் கொடுப்பதை விடச் சிலருக்கு இறுதிவரை கொடுப்பது நல்லது.

கடைசி ஒரு வருடம்

பி.யு.எம்.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். இறுதிப் பரீட்சை முடிந்ததும் வீட்டு நினைவில் திரும்பிவிட்டால் படிப்பு முழுமையாகாது. பதிவுக்கும் வழியிருக்காது. கல்யாணப் பேச்சு இந்த வருடத்தில்தான் வீடுகளில் சூடுபிடிக்கும். அது ஒரு வருடம் பொறுக்கட்டும்.

பிள்ளை விமானம் ஏறுமுன் வீட்டுக் கோப்பில் மூன்று கடிதங்கள் இருக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டம் பதிவுக்கு ஏற்கப்படுமா, வேறு என்ன நிபந்தனை என்று கேட்டதற்கு ஆயுர்வேத மருத்துவ சபை தந்த பதில் முதலாவது. பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பற்றி மானியங்கள் ஆணைக்குழு தந்தது இரண்டாவது. தகைமை, மொழி, கட்டணம், பயிற்சி பற்றிக் கல்லூரி எழுதித் தந்தது மூன்றாவது. வாய்ப்பேச்சு கடிதமாகாது, முகவரின் வட்ஸ்அப் செய்தியும் ஆகாது. பதில் வரச் சுணங்கினால் ஒரு வருடம் பிந்திப் போவதில் நட்டமில்லை. பதில் இல்லாமல் போய் ஐந்தரை வருடத்தை இழப்பதுதான் நட்டம்.