பத்து வயதும் ஒரு நாளும்

திருப்பூரில் மனிதனை மனிதன் முதலில் கேட்கும் கேள்வி "எந்த ஊர்?" என்பதே. பனியன் தொழிலை நம்பி மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பிஹாரிலிருந்தும் வந்தவர்களால் நிரம்பிய நகரம் அது. ஜாதி விட்டு மணந்தோர் அங்கே பிழைக்க வருவதும் உண்டு. தையல் மெஷின் யாருடைய குலத்தையும் விசாரிப்பதில்லை.

அத்தகைய தம்பதிகளின் மகன் ஒருவனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பதினொன்றாம் வயதில் பெற்றோர் இருவரையும் இழக்கிறான். உறவினர் எட்டிப் பார்க்கவில்லை. லைன் வீட்டில் அடுத்த கதவு அம்மாள் சோறு போடுகிறாள்; பின்பு குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு பெற்று அவளே வளர்க்கிறாள். 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு இதற்கு இடந்தருகிறது. குழந்தையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. 2024-ஆம் வருஷத்து மாதிரி வழிகாட்டு நெறிகள், தனித்து வாழ்வோரும் வளர்க்கலாம் என்று இன்னும் தாராளம் காட்டின. நல்லது.

பையன் பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் எழுதுகிறான். ஜாதி என்ன? தந்தையின் ஜாதிக்குக் காகிதம் இல்லை. தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென்றே ஓர் இனம் உண்டு. அதன் வாசகத்தை ஊன்றிப் படிக்கவேண்டும். பத்து வயது அடையுமுன் பெற்றோரை இழந்திருக்கவேண்டும். சட்டப்படியோ வழக்கப்படியோ பராமரிப்பார் வேறு எவரும் இருக்கலாகாது. சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ அநாதை விடுதியிலோ சேர்ந்திருக்கவேண்டும்.

நமது பையன் முதல் நிபந்தனையில் வயதால் தோற்றான். இரண்டாவதில் அந்த அம்மாளால் தோற்றான்! குழுவின் உத்தரவு அவள் கையில் இருக்க, சட்டப்படி பராமரிப்பார் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு சட்டம் அவனுக்குக் குடும்பம் கொடுக்கிறது. மற்றொரு விதி, குடும்பம் கிடைத்துவிட்டதே என்று கதவைச் சாத்துகிறது. பத்து வயது என்ற கணக்குதான் எங்கிருந்து வந்ததோ! ஒன்பதில் தாயை இழந்தவன் அநாதை, பதினொன்றில் இழந்தவன் அநாதையல்லனா?

இரக்கமுள்ள அதிகாரி விதியை வளைத்துப் படிக்கக்கூடும். அவர் மாற்றலாகிப் போய்விட்டால்? சான்றிதழுக்காக அலைந்து சலித்த பையனுக்குக் கம்பெனி வாசல் திறந்தே கிடக்கிறது. பதினான்கு வயது கடந்தவனை அபாயமற்ற வேலையில் வைப்பதைச் சட்டமும் தடுப்பதில்லை.

பத்து என்பதைப் பதினெட்டாகத் திருத்துக. வளர்ப்புக் குடும்பம் மேற்படி நிபந்தனைக்குத் தடையாகாது என்று விளக்க உத்தரவு பிறப்பிக்குக. 2021-ஆம் வருஷத்து 105-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி மாநிலப் பட்டியல் மாநிலத்தின் கையில் இருக்கிறது. இதற்கு டில்லியைக் கேட்க வேண்டியதில்லை.