மாமூல் கட்டிப் போன போர்

ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கப் படை வெளியேற அன்றைய அதிபர் பைடன் குறித்த கெடு, 2021 ஆகஸ்ட் 31. பக்ராம் விமானதளம் ஜூலைத் தொடக்கத்திலேயே காலியானது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் அதிகம் பேர் குழம்பியிருந்தது ஒரு விஷயத்தில்தான்: கடலே இல்லாத நாட்டில் இருபது வருடம் இத்தனை பேருக்குச் சோறும் டீசலும் எப்படிப் போய்ச் சேர்ந்தன?

பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, தோர்கம், சமன் எல்லை தாண்டி லாரியில் போனதே அதிகம். வேடிக்கை அதற்கப்புறம். முகாமுக்கு முகாம் சரக்கு கொண்டுபோக 2009-ல் ராணுவம் போட்ட ஒப்பந்தத்தின் பெயர் ‘ஹோஸ்ட் நேஷன் டிரக்கிங்’. விருந்தோம்பும் நாட்டு லாரிகள் என்று அர்த்தம். விருந்துக்கு அழைத்தது யார் என்று கேட்கக் கூடாது. மதிப்பு 216 கோடி டாலர். எட்டு நிறுவனங்கள். மாதம் 6,000 முதல் 8,000 நடை.

சூட்சுமம் ஒரு நிபந்தனையில் இருந்தது. வழிக்காவல் ராணுவத்தின் பொறுப்பல்ல, ஒப்பந்தக்காரர் பாடு. சிப்பாய் சாகமாட்டான், கணக்கிலும் அது வெறும் வாடகை. ஒப்பந்தக்காரரோ அந்தந்தச் சாலையை ஆளும் ஆயுதக் குழுத் தலைவருக்கு லாரிக்கு இவ்வளவு என்று கட்டினார். நம் ஊரில் இதற்கு மாமூல் என்று பெயர். அவர்கள் எழுதியது ‘பாதுகாப்புச் சேவை’. சாலை அமைதியானால் அந்தத் தலைவருக்குப் பிழைப்பில்லை. எனவே அங்கங்கே குண்டு வெடிப்பது அவருக்கு நல்லது.

2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று, ஜான் டியர்னி தலைமையில், இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தாலிபானுக்கே போயிருக்கக்கூடும் என்றது. ஒப்பந்தக்காரர்கள் முன்பே எச்சரித்தும் ராணுவம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்பதும் அதில் உண்டு. தன்னைச் சுடுகிறவனின் தோட்டாவுக்கும் தானே காசு கொடுத்த படை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

மற்றக் கேள்விகள்:

விமானத்தில் ஏற்றியிருக்கக் கூடாதா? ஏற்றினார்கள், அவ்வளவு டீசலையும் ஏற்றக் கட்டுப்படியாகாது.

பாகிஸ்தான் வழியை அடைத்தபோது? 2011 நவம்பர் முதல் 2012 ஜூலை வரை, ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் சுற்றி வடக்கிலிருந்து சரக்கு வந்தது.

எல்லாரும் கிளம்புவதாகத்தான் திட்டமா? தூதரகக் காவலுக்குச் சில நூறு பேர் இருப்பார்கள் என்றுதான் 2021 ஜூலையில் சொன்னார்கள். அதற்கும் அப்போது பெயர் ‘முழு வெளியேற்றம்’.

தாலிபான் கைக்கு மொத்தம் எவ்வளவு போனது? மாமூலுக்கு ரசீது ஏது?